காருக்கு அடியில போறதுக்கு முன்னாடி

கொஞ்சம் நீளமான பதிவு. தரையோட தரையா இருக்கிற பழைய செடான் கார் வச்சிருக்கிறவங்க, ஞாயித்துக்கிழமை காலையில ஸ்பேனரைத் தூக்கிக்கிட்டு போர்ட்டிகோவில உக்காருற பழக்கம் உள்ளவங்க, தயவுசெஞ்சு கடைசி வரைக்கும் படிச்சிருங்க. உங்க வீட்டில அப்படி ஒருத்தர் இருந்தா அவருக்கு அனுப்பி வைங்க.

நான் மெக்கானிக் இல்லை. டெல்டா பக்கம் ஒரு அரசு மருத்துவமனையில எம்பிபிஎஸ் டாக்டர். ஜாக்கி போடுறதைப் பத்தி உனக்கு என்ன தெரியும்னு கேட்டா, ஜாக்கி நழுவினா என்ன ஆகும்னு தெரியும். அதுல இருந்தே ஆரம்பிக்கிறேன். (சம்பந்தப்பட்டவர்கிட்ட கேட்டுட்டுத்தான் எழுதறேன். அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன்.)

சில மாசத்துக்கு முன்னாடி ஒரு ஞாயிறு. பகல் 11 மணி இருக்கும். கேஷுவாலிட்டி வாசல்ல ஒரு குட்டியானை வந்து நின்னது. அரை டிரவுசர் போட்ட நாலஞ்சு பசங்க ஒருத்தரைத் தூக்கிக்கிட்டு ஓடி வந்தாங்க. நாற்பது வயசுக்குள்ள இருக்கும். கழுத்துக்கு மேல முகம் முழுக்க கத்தரிக்காய் நிறம். கண்ணோட வெள்ளைப் பகுதி வெள்ளையாவே இல்லை, ரத்தச் சிவப்பு. மார்புக்குக் கீழே கை, வயிறு, கால் எல்லாம் சாதாரண நிறத்தில இருக்கு. யாரோ கழுத்தில கோடு போட்டு மேல் பாதிக்கு மட்டும் சாயம் அடிச்ச மாதிரி.

எங்க சிஸ்டர் மெதுவா "தூக்கா சார்?"னு கேட்டாங்க. எனக்கும் முதல்ல அதுதான் தோணுச்சு. கழுத்தைப் பார்த்தேன், தடம் எதுவும் இல்லை. கூட வந்த பையன்தான் சொன்னான், "கார் மேல விழுந்துருச்சு சார். ஜாக்கி போட்டுத்தான் சார் இருந்துச்சு."

அந்த "ஜாக்கி போட்டுத்தான் இருந்துச்சு" என்ற வார்த்தை எனக்கு இன்னும் மறக்கலை.

இதுக்கு டிராமாட்டிக் அஸ்ஃபிக்சியான்னு பேர். 1837ல ஒலிவியே என்ற பிரெஞ்சு மருத்துவர், பாரிஸ்ல கூட்ட நெரிசல்ல செத்தவங்க உடம்புல பார்த்து எழுதினது. பெரிய எடை மார்பை அழுத்தும்போது, பயத்துல மூச்சை இழுத்து அடக்கிக்கிறோம். மார்புக்குள்ள அழுத்தம் எகிறுது. இதயத்துக்கு வர வேண்டிய ரத்தம் வந்த வழியிலேயே தலைக்குத் திரும்பித் தள்ளப்படுது. முகத்திலயும் கண்ணிலயும் இருக்கிற நுண்ணிய ரத்தக் குழாய்கள் அந்த அழுத்தம் தாங்காம வெடிக்குது. அதான் அந்த நிறம். பார்க்கப் பயங்கரமா இருக்கும், ஆனா நிறம் ஆளைக் கொல்றதில்லை. ஆளைக் கொல்றது ரொம்ப எளிமையான இன்னொரு விஷயம்: மார்பு விரிய இடம் இல்லைன்னா மூச்சு இல்லை. மூக்கு திறந்திருக்கு, வாய் திறந்திருக்கு, சுத்தி காத்து இருக்கு. விலா எலும்பு ஒரு அங்குலம் மேல போக வழி இல்லை. அவ்வளவுதான். கணக்கு நிமிஷத்தில.

இவர் பிழைச்சார். ஆக்ஸிஜன், கழுத்துக்குக் காலர், ரெண்டு கையிலயும் ஊசி, எக்ஸ்ரே, இசிஜி எல்லாம் பார்த்து மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினோம். மூணு விலா எலும்பு உடைஞ்சிருந்தது. நுரையீரல்ல கொஞ்சம் ரத்தக்கட்டு. பிழைச்சதுக்குக் காரணம் நான் இல்லை. பக்கத்து காலி மனையில கிரிக்கெட் விளையாடிக்கிட்டு இருந்த அந்தப் பசங்க. அந்த அம்மா போட்ட சத்தம் கேட்டு ஓடி வந்து, ஆறு பேர் சேர்ந்து காரோட ஒரு பக்கத்தைக் கையாலயே தூக்கியிருக்காங்க.

நடந்தது இதுதான். முந்தின நாள் ஒரு ஸ்பீட் பிரேக்கர்ல அடி வாங்கி, எஞ்சினுக்குக் கீழே இருக்கிற பிளாஸ்டிக் தட்டு கழண்டு தொங்கி, தரையில உரசிக்கிட்டே வந்திருக்கு. ரெண்டு ஸ்க்ரூ போட்டா முடிஞ்சிடும். அதுக்கு ஒர்க்‌ஷாப் போவானேன்னு நினைச்சிருக்கார். டிக்கியில இருந்த ஜாக்கியை எடுத்து முன்பக்கம் தூக்கியிருக்கார். கார் ரொம்பத் தாழ்வு. ஜாக்கி முழுசா ஏறினதுக்கு அப்புறமும் உள்ளே போக இடம் பத்தலை. இறக்கிட்டு, ஜாக்கிக்கு அடியில ரெண்டு செங்கல் வச்சு மறுபடி தூக்கியிருக்கார். தலையும் மார்பும் உள்ளே போயிடுச்சு. ஸ்க்ரூவும் போட்டாச்சு. அந்த நேரத்தில அவர் பையன், எட்டு வயசு, அப்பாவோட போனை எடுக்கக் கதவைத் திறந்து சீட்டுல ஏறி உக்காந்திருக்கான்.

பையன் தப்பு இல்லை. இதை அவங்க அப்பா என்கிட்ட மூணு தடவை சொன்னார், நானும் இங்க ஒரு தடவை சொல்லிடறேன்.

மறுநாள் காலையில டூட்டி முடிஞ்சு வீட்டுக்கு வந்தேன். என் கார் போர்ட்டிகோவில நிக்குது. பக்கத்தில சுவரோரமா ரெண்டு ஹாலோ பிளாக். ரெண்டு வாரத்துக்கு முன்னாடி நான் என் காருக்கு முட்டுக் கொடுத்தது அந்த ரெண்டு கல்லைத்தான். சைலன்சர்ல ஏதோ சத்தம் வருதேன்னு பார்க்க முக்கால் மணி நேரம் அடியில மல்லாந்து படுத்திருந்தேன். என் பொண்ணு டிரைவர் சீட்ல உக்காந்து, "அப்பா, ஹாரன் அடிக்கட்டுமா?"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தா. நான் சிரிச்சுக்கிட்டே "அடி"ன்னேன்.

அந்தக் கல்லைப் பார்த்துக்கிட்டு எவ்வளவு நேரம் நின்னேன்னு தெரியலை. வீட்டில வந்து "என்னங்க, சாப்பிட வரலையா?"ன்னு கேட்டதும்தான் உள்ளே போனேன்.

அப்புறம் செஞ்ச முதல் வேலை, தையல் டேப்பை எடுத்துக்கிட்டு வந்து அளந்தது. முன் பம்பரோட கீழ் விளிம்பு தரையில இருந்து 15 செ.மீ. கதவுக்குக் கீழே, ஜாக்கி வைக்கிற தகட்டு விளிம்பு 17. தரையில மல்லாந்து படுத்து, வீட்டம்மாவை அளக்கச் சொன்னேன். என் மார்பு உயரம் 23. (தொப்பையை அளக்க வேண்டாம்னு கேட்டுக்கிட்டேன்.)

இந்த மூணு எண்ணையும் பக்கத்தில பக்கத்தில வச்சுப் பாருங்க. உயரமான ஜீப் மாதிரி வண்டி, சக்கரம் மாட்டியிருக்கும்போது ஜாக்கியில இருந்து நழுவி விழுந்தா, அடியில இருக்கிறவருக்கு அடி படலாம், ஆனா இடம் கொஞ்சம் மிச்சம் இருக்க வாய்ப்பு உண்டு. தாழ்வான கார் விழுந்தா மிச்சம்னு ஒண்ணு கிடையாது. 23 இருக்கிற நெஞ்சுக்கு 15 செ.மீ. இடம். சக்கரத்தைக் கழட்டி வச்சிருந்தா அதுவும் இல்லை. எந்தக் காருக்கு அடியில நுழையவே முடியலையோ, அந்தக் கார்தான் விழுந்தா அதிகமா நசுக்கும். நுழைய முடியலைங்கிறதுக்காகத்தான் நாம செங்கல், ஹாலோ பிளாக், பலகைத் துண்டுன்னு ஒண்ணு மேல ஒண்ணா அடுக்குறோம்.

அதுக்கப்புறம் எனக்கு வெறி மாதிரி ஆயிடுச்சு. ஊர்ல எங்க தெருவுக்கு ரெண்டு தெரு தள்ளி ஒர்க்‌ஷாப் வச்சிருக்கிற அண்ணன் ஒருத்தர். அவர் சர்க்கரை நோயாளி, என் ஓபிக்குத்தான் மாத்திரைக்கு வருவார். "அண்ணே, நீங்க உக்காருங்க, இன்னைக்கு நான் கேள்வி கேக்கறேன்"னு ஆரம்பிச்சேன். மூணு ஞாயிறு அவர் ஒர்க்‌ஷாப்பிலயும் என் போர்ட்டிகோவிலயும் பாடம் நடந்தது. இனி எழுதப்போறது பெரும்பாலும் அவர் சொல்லிக்கொடுத்தது. என் மருத்துவ மூளை சேர்த்ததும் கொஞ்சம் இருக்கு.

முதல்ல தரை. அண்ணன் வீட்டுக்கு வந்ததும் காரைப் பார்க்கலை, தரையைப் பார்த்தார். "சம்ப் எங்க டாக்டர் சார் இருக்கு?"ன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. நம்ம ஊர்ல நிறைய வீட்டில தண்ணி சம்ப் போர்ட்டிகோவுக்கு அடியிலதான். கார் நாலு சக்கரத்தில பரவலா நிக்கும்போது தாங்குற ஸ்லாப், அதே காரோட முன்பக்க எடையை உள்ளங்கை அளவு ஜாக்கி அடித்தட்டு வழியா ஒரே இடத்தில வாங்குது. மூடி மேல வச்சா கேக்கவே வேண்டாம். செப்டிக் டேங்க் மேலயும் அதே கதை. அடுத்தது சாய்வு. ரோட்டுல இருந்து போர்ட்டிகோவுக்கு ஏற ஒரு சரிவு போட்டிருப்போம். முன் சக்கரம் மேலயும் பின் சக்கரம் சரிவிலயும் நிக்கிற மாதிரி விட்டுட்டு ஜாக்கி போடவே கூடாது. வெளியே தார் ரோட்டுல போடலாமேன்னா, சித்திரை வெயில்ல தார் இளகும். ஜாக்கி மெதுவா உள்ளே இறங்கும். மண் தரையும் அப்படித்தான். அதுக்கு ஒரு அடிக்கு ஒரு அடி, நல்ல தடிமனான பிளைவுட் பலகை ஒண்ணு டிக்கியிலேயே போட்டு வைங்கன்னார். ஜாக்கிக்கு அடியில அது மட்டும்தான் அனுமதி. எடையைப் பரப்புறதுக்கு. உயரம் கூட்டுறதுக்கு இல்லை.

செங்கலும் ஹாலோ பிளாக்கும் ஏன் ஆகாதுன்னு கேட்டேன். "அது சொல்லாமக் கொள்ளாம உடையும் சார்"ன்னார். எனக்கு உடனே புரிஞ்சது. சின்னப் பிள்ளைங்க எலும்பு பச்சைக் குச்சி மாதிரி, வளைஞ்சு நார் நாராப் பிரிஞ்சுதான் உடையும். வயசானவங்க இடுப்பு எலும்பு ஒரே நொடியில 'டக்'னு போகும். மரக்கட்டை முதல் வகை. நசுங்கும், முனகும், எச்சரிக்கை கொடுக்கும். கான்கிரீட் கல் ரெண்டாவது வகை. பரவலா எடை வச்சா எவ்வளவோ தாங்குது, வீடே அதுலதான் கட்டறோம். ஆனா காரோட கதவுக்குக் கீழே இருக்கிற தகடு கத்தி மாதிரி ஒரு விளிம்பு. அந்த விளிம்பு குத்தற இடத்தில விரிசல் விட்டா அத்தோட முடிஞ்சது.

ரெண்டாவது, கார் உருளாம இருக்கணும். ஹேண்ட் பிரேக்கைப் போட்டுட்டேனே, கியர்ல விட்டுட்டேனேன்னு நான் சொன்னேன். நம்ம ஊர் சின்னக் கார்கள்ல பெரும்பாலும் ஹேண்ட் பிரேக் பிடிக்கிறது பின் சக்கரம் ரெண்டை மட்டும். எஞ்சின் ஓட்டுறது முன் சக்கரம் ரெண்டை. ஒரு முன் சக்கரத்தைத் தரையில இருந்து தூக்கிட்டா, கியர்ல இருக்குங்கிறது அடுத்த முன் சக்கரத்தைக் காப்பாத்தாது. தூக்கின சக்கரம் ஒரு பக்கம் சுத்த, தரையில இருக்கிறது மறுபக்கம் சுத்தும், டிஃபரன்ஷியல் அதுக்குத்தான் இருக்கு. பின் சக்கரம் ஒண்ணைத் தூக்கினா ஹேண்ட் பிரேக் மிச்சம் இருக்கிற ஒரு பின் சக்கரத்தை மட்டும்தான் பிடிச்சிருக்கும். அதனால ஹேண்ட் பிரேக்கும் வேணும், முதல் கியரும் வேணும் (ஆட்டோமேட்டிக்னா பார்க்கிங்), அதுக்கு மேல தூக்கப்போற சக்கரத்துக்குக் குறுக்கு மூலையில இருக்கிற சக்கரத்துக்கு முன்னாலயும் பின்னாலயும் முக்கோணக் கட்டை கொடுக்கணும். தச்சுப் பட்டறையில சொல்லி ரெண்டு கட்டை வெட்டி வாங்கிக்கிட்டேன். அவர் காசு வாங்கலை.

வீல் போல்ட்டை கார் தரையில இருக்கும்போதே கால் சுத்து தளர்த்திடணும். இது எல்லாரும் சொல்றதுதான், ஆனா ஏன்னு யாரும் சொல்றதில்லை. ஜாக்கி மேல நிக்கிற காரோட போல்ட்டை ஸ்பேனர்ல ஏறி மிதிச்சா, அந்த விசை காரைப் பக்கவாட்டுல தள்ளுது. டிக்கியில வர்ற திருகு ஜாக்கிக்குப் பிடிக்காத ஒரே விஷயம் அதுதான். அது தானா கீழே இறங்காது, திருகு மறை பிடிச்சிருக்கும். ஆனா அடித்தட்டு குறுகல், பக்கவாட்டுல சாயும். கதவைத் திறந்து ஒரு சின்னப் பையன் ஏறினாக்கூட.

ஆயில் ஜாக்கிக்கு வியாதி வேற. உள்ளே பெரிய ஊசி சிரிஞ்ச் மாதிரிதான். எண்ணெயைத் தள்ளி உருளையை மேல ஏத்துது. அந்த எண்ணெய் திரும்பாம பிடிச்சிருக்கிறது ஒரு ரப்பர் சீலும் சின்ன வால்வும். சீல் பழசானா மெதுவா இறங்கும், வால்வுல தூசி மாட்டினா எப்ப இறங்கும்னு தெரியாது. புது ஜாக்கியா இருந்தாலும் அதை நம்பி அடியில போகாதீங்கன்னார் அண்ணன். அவர் வார்த்தையிலேயே சொல்றேன்: "சார், ஜாக்கி தூக்கறதுக்கு. தாங்கறதுக்கு ஸ்டாண்டு."

இப்ப தாழ்வான காரோட தனிப்பட்ட தொல்லைக்கு வர்றேன். என்கிட்ட ஒரு பாட்டில் ஜாக்கி இருந்தது, மடக்கி வச்சாலே 18 செ.மீ. 17 செ.மீ. விளிம்புக்கு அடியில எப்படிப் போகும்? டயர் பஞ்சர் ஆகி உக்காந்துட்டா அந்த 17ம் இல்லை, 11தான். அதாவது ஜாக்கி தேவைப்படுற நேரத்தில ஜாக்கி உள்ளே போகாது! சக்கரம் வச்ச டிராலி ஜாக்கி வாங்கினா, வாய் உள்ளே போகுது. முன் பம்பர் தடுக்கறதால கைப்பிடி வளையறதுக்கு இடம் இல்லை.

இதுக்கு அண்ணன் காட்டின வழி இவ்வளவு எளிமையா இருக்கும்னு நினைக்கலை. காரை ஜாக்கியால தூக்கறதுக்கு முன்னாடி, காரையே ஓட்டித் தூக்கிடணும். ரெண்டு அடி நீளம், டயரை விட அகலம், 4 செ.மீ. தடிமன்ல ரெண்டு பலகை. ஒரு முனையைச் சீவிச் சரிவாக்கிட்டா போதும். முன் சக்கரம் ரெண்டையும் மெதுவா அது மேல ஏத்தி நிறுத்தினா, காரோட முன்பக்கம் 4 செ.மீ. உயர்ந்துடுது. ஜாக்கி சுகமா உள்ளே போகும். பஞ்சர் ஆன டயரையும் இப்படித்தான், பலகையை ஒட்டி வச்சு ஒரு முழம் நகர்த்தினா ஏறிடும். டயர் எப்படியும் போச்சு, ஒரு முழத்தில மேற்கொண்டு கெட ஒண்ணும் இல்லை. ஏறின பிறகு ஹேண்ட் பிரேக், கியர், குறுக்கு மூலைக் கட்டை. பலகை முழுசா தரையில படிஞ்சு இருக்கணும், ஆடக்கூடாது. ஆளை முன்னாடி நிக்க வச்சு "வா வா"ன்னு சொல்ல வைக்காதீங்க. பக்கவாட்டுல நிக்கட்டும்.

இனிமே அடிக்கடி செய்றதா இருந்தா தாழ்வான டிராலி ஜாக்கின்னே தனியா விக்குது, வாய் 8, 9 செ.மீ. உயரத்தில இருந்தே ஆரம்பிக்கும். நான் அதுதான் வாங்கினேன். வாங்கும்போது கடையில டேப் வச்சு அளங்க. கடைக்காரர் சிரிப்பார், பரவாயில்லை.

டிராலி ஜாக்கியில ஒரு சூட்சுமம். அதோட கை நேரா மேல போறதில்லை, வட்டமா வளைஞ்சு போகுது. அதனால உயர உயர ஜாக்கி தானா காருக்கு அடியில கொஞ்சம் உருண்டு போகும். அது உருள முடியாம புல்லுலயோ டைல்ஸ் இடுக்கிலயோ மாட்டிக்கிட்டா, ஒண்ணு கார் நகரணும், இல்லை வாய் நழுவணும். எங்க வீட்டு பார்க்கிங் டைல்ஸ்ல கட்டம் கட்டமா பள்ளம். முதல் தடவை சின்ன இரும்புச் சக்கரம் அதுல மாட்டிக்கிச்சு. அண்ணன் "இறக்குங்க, இறக்குங்க"ன்னு சத்தம் போட்டார். இப்ப அதுக்கு அடியில ஒரு பலகை விரிச்சிடறேன்.

எங்க வைக்கணும்? கதவுக்குக் கீழே ஓடுற தகட்டு விளிம்புல, முன் சக்கரத்துக்குக் கொஞ்சம் பின்னாடியும் பின் சக்கரத்துக்குக் கொஞ்சம் முன்னாடியும் ரெண்டு சின்ன வெட்டு இருக்கும். கைவிட்டுத் தடவிப் பார்த்தா தெரியும். கம்பெனி புத்தகத்தில படமே இருக்கு. அந்த ரெண்டு வெட்டுக்கு நடுவில மட்டும். பக்கத்தில இருக்கிற பிளாஸ்டிக் அலங்காரத்தில வச்சா அது உடையும், தரைத் தகட்டுல வச்சா குழி விழும், எஞ்சின் ஆயில் சம்ப்ல வச்சா செலவு. (ஆக, ரெண்டு சம்ப்லயும் ஜாக்கி வைக்கக் கூடாதுன்னு ஞாபகம் வச்சுக்கங்க.)

ஸ்டாண்டு விஷயத்துக்கு வர்றேன். மூணு கால், நாலு கால் வச்ச இரும்பு ஸ்டாண்டு, ஜோடியாத்தான் விப்பாங்க. இங்கதான் தாழ்வான காருக்கு இன்னொரு சங்கடம். சாதாரண ஸ்டாண்டு ரொம்பக் குறைச்ச உயரத்தில வச்சாலே 28 செ.மீ. கிட்ட இருக்கு. 17ல இருக்கிற விளிம்பை 30க்குத் தூக்கினாத்தான் ஸ்டாண்டு உள்ளே போகும். ஒரு பக்கத்தை மட்டும் ஒரே மூச்சுல அவ்வளவு தூக்கினா கார் ரொம்பச் சாயுது. அதனால என் மாதிரி ஆட்கள் என்ன செய்வோம்? "அஞ்சு நிமிஷ வேலைதானே"ன்னு ஸ்டாண்டை விட்டுடுவோம். அண்ணன் செய்றது, முன்னாடி நடுவில புத்தகத்தில காட்டியிருக்கிற கனமான குறுக்குச் சட்டத்தில டிராலி ஜாக்கியைக் கொடுத்து, ரெண்டு பக்கமும் சமமா ஏத்தி, ரெண்டு ஸ்டாண்டையும் ஒரே நேரத்தில வைக்கிறது. அப்ப கட்டை கொடுக்க வேண்டியது பின் சக்கரம் ரெண்டுக்கும். வச்சு, எடையை ஸ்டாண்டு மேல இறக்கி, ஜாக்கியை எடுக்காம லேசாத் தொட்டுக்கிட்டு இருக்க விட்டுட்டு, வெளியே நின்னு காரைத் தோளால நல்லா முட்டி ஆட்டிப் பார்ப்பார். "விழறதா இருந்தா இப்பவே விழட்டும் சார்."

அதுக்கு மேல நான் ஒண்ணு சேர்த்துக்கிட்டேன். ஸ்டெப்னியையோ கழட்டின சக்கரத்தையோ தூக்கின பக்கத்து விளிம்புக்கு அடியில படுக்க வச்சிடறது. டயர் பக்கவாட்டுல 185/60 அப்படின்னு எழுதியிருக்கும் பாருங்க, அந்த 185 தான் டயரோட அகலம், மில்லிமீட்டர்ல. படுக்க வச்சா ஏறக்குறைய 18.5 செ.மீ. எல்லாமே கைவிட்டாலும் கார் அதுக்குக் கீழே வர முடியாது. என் 23க்கு அது போதாதுதான். ஆனா 18.5க்கும் தரைக்கும் நடுவில இருக்கிற வித்தியாசம் என்னன்னு அந்த ஞாயித்துக்கிழமை கேஷுவாலிட்டியில பார்த்திருக்கேன்.

வெறும் ஸ்டெப்னி மாத்துறதுக்கு ஸ்டாண்டு வேணுமான்னு கேப்பீங்க. வேண்டாம். ரோட்டோரத்தில அது நடக்கிற காரியமும் இல்லை. ஆனா உடம்போட எந்தப் பாகமும் காருக்கு அடியில போகக் கூடாது. உருண்டு ஓடின போல்ட்டை எடுக்கக் கையை விடறது உட்பட. காருக்குள்ள யாரும் இருக்கக் கூடாது. சாவி என் பாக்கெட்ல. பிள்ளைங்க வீட்டுக்குள்ள. வெளியே பெரியவங்க ஒருத்தர் கண் பார்வையில இருக்கணும். தனியா இருக்கிற நாள்ல நான் ஜாக்கியைத் தொடறதில்லை.

இனி டாக்டரா ஒரு பகுதி. இதை மட்டுமாவது ஞாபகம் வச்சுக்கங்க.

யாராவது காருக்கு அடியில மாட்டிக்கிட்டா, காலைப் பிடிச்சு இழுக்காதீங்க. முதல்ல எடை போகணும். சத்தம் போட்டு ஆளைக் கூப்பிடுங்க. தூக்க வேண்டியது முழுக் காரையும் இல்லை. சின்ன செடான் மொத்தம் 1,100 கிலோ பக்கம்னா, ஒரு முன் மூலையில 300, 350 கிலோதான். அஞ்சாறு நெல் மூட்டை. ஆறு பேர் சக்கர வளைவைப் பிடிச்சுத் தூக்கினா எழும்பும். சாய்ஞ்சு கிடக்கிற ஜாக்கியையோ பக்கத்து வீட்டுக் கார் ஜாக்கியையோ போட முடிஞ்சா போடுங்க. எழும்பின உடனே ஒருத்தர் ஸ்டெப்னியையோ மரக்கட்டையையோ இடுக்கில தள்ளிடணும், கை தளர்ந்து திரும்பி விழுந்திடக் கூடாது. அதுக்கப்புறம்தான் ஆளை எடுக்கணும், தலை, கழுத்து, முதுகு ஒரே நேர்கோட்டுல வர்ற மாதிரி. மூச்சு இல்லைன்னா உடனே நெஞ்சை அழுத்தி சிபிஆர். ஒருத்தர் 108க்குப் பேசிக்கிட்டே இருக்கட்டும். ஆனா மார்பு மாட்டியிருந்தா ஆம்புலன்ஸ் வந்து தூக்கட்டும்னு காத்திருக்காதீங்க, அவ்வளவு நேரம் கிடையாது.

கால், தொடை மட்டும் ரொம்ப நேரம் நசுங்கிக் கிடந்திருந்தா கதை வேற. செத்துக்கிட்டு இருக்கிற தசையில இருந்து பொட்டாசியமும் மயோகுளோபின் என்ற பொருளும் வெளியே வரும். எடையை எடுத்ததும் அது மொத்தமா ரத்தத்தில கலந்து இதயத்தையும் கிட்னியையும் தாக்கும். இரண்டாம் உலகப் போர்ல லண்டன் மேல குண்டு விழுந்தப்ப, இடிபாட்டுல இருந்து நல்லா பேசிக்கிட்டே வெளியே வந்தவங்க சில நாள்ல கிட்னி போய்ச் செத்தாங்க. 1941ல பைவாட்டர்ஸ், பீல் ரெண்டு பேரும் எழுதின பிறகுதான் உலகத்துக்குப் புரிஞ்சது. அதனால எத்தனை மணிக்கு மாட்டினார், எத்தனை மணிக்கு எடுத்தீங்க, இந்த ரெண்டையும் 108 ஆட்கள்கிட்டயும் எங்ககிட்டயும் சொல்லுங்க. அந்த நேரத்தை வச்சுத்தான் நாங்க குளுக்கோஸ் ஏத்துற வேகத்தை முடிவு பண்றோம். அவர் எழுந்து நடந்தாலும், "ஒண்ணும் இல்லைங்க, லேசா அமுங்கிச்சு"ன்னு சொன்னாலும், கூட்டிக்கிட்டு வாங்க.

ஒரு மாசம் கழிச்சு அவர் என் ஓபிக்கு வந்தார். முகம் பழைய நிறத்துக்கு வந்துடுச்சு. கண்ணோட ஓரத்தில மட்டும் மஞ்சளா ஒரு கறை மிச்சம். இருமினா விலா இன்னும் வலிக்குதாம். பையன் கூட வந்திருந்தான், அப்பா சட்டை நுனியைப் பிடிச்சுக்கிட்டு. "காரை வித்துட்டீங்களா?"ன்னு கேட்டேன். "இல்லைங்க சார், இவன்தான் விக்க வேண்டாம்னுட்டான். ஆனா நான் அடியில போக மாட்டேன்னு சத்தியம் வாங்கிக்கிட்டான்"ன்னார்.

வெளியே போனவர் திரும்பி வந்து, மரத்தடியில நிக்கிற என் காரைக் காட்டி, "அது உங்க கார்தானே சார்? என்னுதை விடத் தாழ்வா இருக்கே"ன்னார். பலகை ரெண்டோட அளவையும் பழைய மாத்திரைச் சீட்டோட பின்பக்கத்தில எழுதிக் கொடுத்தேன். ரெண்டு அடி நீளம், 4 செ.மீ. தடிமன், ஒரு முனை சீவணும்.

ஹாலோ பிளாக் ரெண்டும் இப்ப எங்க வீட்டுத் துளசிச் செடித் தொட்டிக்கு அடியில இருக்கு.